அக்கா பிடித்துத் தந்த இடங்கள்

பிளசன்டன், கலிபோர்னியா
பிப்ரவரி 9, 2025

கர்த்தருக்குள் அன்பான ஜெபி,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அதுதான் நடந்தது. அதனால் ஈமெயில் எழுதுகிறேன். இதைப் பாதியில் வைக்க முடியாது பார். சிக்னல் கிடைக்கிற இடத்தில் முழுசாகப் படி.

பார்சிப்பனியில் நீங்கள் வீட்டைக் காலி செய்த செய்தியை உன் வாயால் நான் கேட்கவில்லை. உங்கள் சபை செல்வராஜ் அங்கிள் இங்கே மகன் வீட்டுக்கு வந்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது, "உங்க தங்கச்சி ஃபேமிலி ஆர்வி வாங்கிட்டு ஊர் சுத்தக் கிளம்பிட்டாங்களாமே, குடுத்து வெச்சவங்க" என்றார். நான் எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். ஒரே தங்கை. அவள் வீட்டு விஷயத்தை மூன்றாம் மனிதரிடம் கேட்டு, தெரிந்த மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது. நன்றாக இரு.

உன் வீட்டுக்காரர் ஷைனுக்கு வேலை போனது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற யாருக்குத்தான் இப்போது போகவில்லை? உங்களுக்காவது கிரீன் கார்டு இருக்கிறது, நாட்டை விட்டுப் போ என்று யாரும் சொல்லப்போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து அடுத்த வேலையைத் தேட வேண்டியதுதானே? சாமான்களை விற்று, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய ஆர்வி வண்டி ஒன்றை வாங்கி, பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஆன்லைன் பள்ளியில் போட்டு அதற்குள் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்களா? தென்றலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆகஸ்டில் அவள் பதினொன்றாம் வகுப்பு. அந்த வருஷத்து மார்க்கைத்தான் காலேஜ்காரன் பார்ப்பான். அதற்குள் அவள் ஒரு நிஜப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீ கோபப்பட்டாலும் இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

சரி, கிளம்பியாகிவிட்டது. ஒரு வேலையை மட்டும் என்னிடம் விடு. வண்டியை நிறுத்த இடம் பிடிப்பதை. உங்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியாதா? கேட்ட காசைக் கொடுத்துத் தனியார் பார்க்கில் நிறுத்துவீர்கள். அரசாங்கத்து ஸ்டேட் பார்க்கில் பாதிக் காசுக்குக் கரண்டும் தண்ணீரும் கிடைக்கும். வருஷ பாஸ் வாங்கினால் நுழைவுக் கட்டணமும் கிடையாது. வெள்ளி, சனியில் கேட்காதே, ஞாயிறு மத்தியானம் போய் இறங்கு. நல்ல இடங்கள் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே போய்விடும், வாஸ்தவம். ஆனால் புக் பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் கேன்சல் பண்ணுவார்கள். அந்த நேரத்தில் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிற பொறுமைதான் வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று உன் அத்தானே சொல்வார். அவர் என்னைப் பாராட்டுகிற ஒரே விஷயம் அது.

இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுது.

திட்டினாலும் உனக்காகவே ஜெபிக்கிற,
ரெபெக்கா

---

கால்வெஸ்டன் பக்கம், டெக்சாஸ்
பிப்ரவரி 20

அக்கா,

செல்வராஜ் அங்கிள் 'குடுத்து வெச்சவங்க' என்றதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை. வண்டிக்குள் அழ இடமில்லை. பாத்திரம் கழுவுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

உன்னிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் நீ தடுத்திருப்பாய், நானும் நின்றிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

நீங்கள் எல்லோரும் இதை ஷைன் எடுத்த முடிவு என்று நினைத்து அவரைத் திட்டுகிறீர்கள். முடிவு என்னுடையது. வேலை போன முதல் சில மாதம் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். இன்டர்வியூவுக்குப் போனார், வந்தார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பார். காபி கொண்டுபோனால் திரை அணைந்திருக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். குளிப்பதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், மறந்துபோனால் கேட்க மாட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தார்கள். அதையும் விடாமல் போடுகிறார். ஆனால் நான் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் கதவைத் திறக்காமல் வெளியே நின்று, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். ஏன் என்று எழுத வேண்டுமா?

அக்டோபரில் சபையில் ஒரு குடும்பம் தங்கள் ஆர்வியை எங்களுக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். பென்சில்வேனியா மலைப்பக்கம் போனோம். அங்கே போய் இறங்கியதும் அவரே தண்ணீர்க் குழாயை மாட்டினார், சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை மட்டமாக நிறுத்தினார். ராத்திரி, "ஜெபி, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா?" என்று கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறந்து கேட்டது அது. வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி அதே அறை, அதே திரை. அப்போதுதான் முடிவு பண்ணினேன்.

இதைச் சுற்றுலா என்று நினைக்காதே. வண்டி நகர்கிறவரை அவர் இருக்கிறார். நின்றால் பயமாக இருக்கிறது.

தென்றலைப் பற்றி நீ சொன்னது எனக்கும் தெரியும். தெரியாமலா இருக்கிறேன்?

இடம் பிடித்துக் கொடு. காசு விஷயத்தில் உன் சாமர்த்தியம் எனக்கு இல்லை. ஒரு இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்க விட மாட்டார்கள், அதைப் பார்த்துக்கொள்.

ஜெபினா

---

பிளசன்டன்
மார்ச் 3

ஜெபி,

நீ எழுதியதை அத்தானிடம் காட்டவில்லை. நானே இரண்டு தடவை படித்தேன். ஷைனைப் பற்றி முன்பு பேசியதையெல்லாம் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

இடம் கிடைத்துவிட்டது. சான் அன்டோனியோ பக்கம் ஒரு ஏரிக்கரை, அடுத்து டெக்சாஸ் மேற்கு மலை, அதற்கடுத்து நியூ மெக்சிகோவில் ஒன்று, அரிசோனாவில் ஒன்று. எல்லாவற்றிலும் கரண்ட் உண்டு. ஏரிக்கரை இடத்துக்காகக் காலையில் அத்தானை ஒரு லேப்டாப் முன்னாலும் ஆர்யனை அவன் போனோடும் உட்கார வைத்தேன். ஆர்யன் "அம்மா, திஸ் இஸ் கிரேசி" என்றான். ஆனால் கிடைத்தது அவன் போனில்தான்.

எல்லாம் என் அக்கவுண்டில் என் பேரில் இருக்கிறது. அதனால் என்ன? அப்பா இருந்தவரை நெல்லை எக்ஸ்பிரஸில் நம் குடும்பம் மொத்தத்துக்கும் அவர்தான் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், அவரா கூட வந்தார்? போய் புக்கிங் நம்பரைச் சொல், உள்ளே விடுவார்கள்.

ரெபெக்கா

---

டெக்சாஸ், ஒரு கடையின் பார்க்கிங்
மார்ச் 24

அக்கா,

உள்ளே விடவில்லை.

புக் பண்ணினவர் நேரில் வர வேண்டும், ஐடி காட்ட வேண்டும் என்று கேட்டில் இருந்தவர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா எங்களுக்காக எடுத்துக் கொடுத்தது என்று ஷைன் விளக்கினார். அப்படி இடத்தை வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்களாம், அதனால் இந்த விதியாம். வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஸ்பிரிங் பிரேக், ஒன்றுமில்லை என்றார். பின்னால் ஐந்தாறு வண்டி நின்றுகொண்டு ஹாரன் அடித்தது.

ஷைன் திரும்பி வந்து ஓட்டுகிற சீட்டில் ஏறவில்லை. சாவியை என் மடியில் வைத்து, "நீ ஓட்டு" என்றார். அவ்வளவுதான். அந்த வண்டியை நான் அதுவரை ஒரு தெருவில்கூட ஓட்டினதில்லை. ஃப்ரீவேயில் ஓட்டினேன். கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. வேதத்திலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தேன், நடுவில் வரிகள் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பெரிய கடைக்காரர் ராத்திரி நிறுத்திக்கொள்ள விட்டார். இதோ இரண்டு நாளாக அங்கேதான் இருக்கிறோம். ஷைன் பழையபடி ஆகிவிட்டார். சோறு கேட்பதில்லை.

பேர் விஷயம் தெரியாமல் செய்தது, அதற்கு உன்மேல் கோபமில்லை. கோபம் வேறு.

நேற்று தென்றல் நீ பிடித்த இடங்களை ஒவ்வொன்றாகப் போன் மேப்பில் வைத்துக் காட்டினாள். கலிபோர்னியாவில் ஜூனுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறாயாமே, எனக்கே சொல்லாமல்? "மாம், எல்லாமே வெஸ்ட். லாஸ்ட் ஒன் பெரியம்மா வீட்ல இருந்து ட்வென்ட்டி மினிட்ஸ்" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நாங்கள் எங்கே போகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எங்களை ஆட்டை ஓட்டுகிற மாதிரி உன் வாசலுக்கு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். கேட்டிருந்தால் நான் ஒருவேளை வந்திருப்பேன். ஏன் கேட்கவில்லை? உனக்கு என் பிள்ளை வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கூட வருகிற சாமான்.

ஜெபினா

---

பிளசன்டன்
ஏப்ரல் 2

ஜெபி,

நீ எழுதினது எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. அதை நீ யோசித்து எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆமாம், ஓட்டினேன். கேட்டால் நீ மாட்டேன் என்பாய். கேட்காமல் செய்தால் வந்து சேர்வாய். சின்ன வயசிலிருந்து உன்னிடம் இப்படித்தான் காரியம் நடக்கிறது.

ஆனால் யார் ஆரம்பித்தது தெரியுமா? தென்றல். பிப்ரவரியில் ஒரு நாள், நீங்கள் வண்டியை நிறுத்தியிருந்த கேம்ப்கிரவுண்டில் துணி துவைக்கிற அறையிலிருந்து எனக்குக் கூப்பிட்டாள். மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "பெரியம்மா, ஐ ஹியர் எவ்ரிதிங். ஐ ஜஸ்ட் வாண்ட் எ டோர்" என்றாள். சாப்பிடுகிற மேஜையை மடக்கித்தான் அவளுக்குப் படுக்கையாமே, சுற்றி ஒரு துணித் திரை. நீ ராத்திரி அழுவது அவளுக்குக் கேட்கிறது ஜெபி. அப்பா தூங்காமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது அந்தத் திரையில் நிழலாகத் தெரிகிறதாம். அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். இப்போது அந்தச் சத்தியத்தையும் உடைத்துவிட்டேன்.

நீ ஷைனைக் காப்பாற்ற ஓடுகிறாய். அதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையையும் அதே வண்டியில் வைத்து ஓடாதே என்கிறேன்.

ஆர்யன் செப்டம்பரில் காலேஜுக்குப் போகிறான், அதுவரை ஹாலில் படுத்துக்கொள்வான், அவன் அறை தென்றலுக்கு. பாதுகாவலர் என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இங்கே பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். விசாரித்துவிட்டேன். நீங்களும் வாருங்கள். வண்டியை என் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும். காசும் மிச்சம். மற்ற இடங்களில் இரண்டாவது ஆளாக உன் பேரையும் சேர்த்துவிட்டேன். இனி எந்தக் கேட்டிலும் நிறுத்த மாட்டார்கள்.

வா.

ரெபெக்கா

---

பார்ஸ்டோ பக்கம், கலிபோர்னியா
ஜூலை 6

அக்கா,

உன் வாசலில் இருந்து கிளம்பிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நாங்கள் வந்து நின்ற மூன்றாம் நாள் உன் குடியிருப்பு அசோசியேஷனில் இருந்து நோட்டீஸ் வந்தது. தெருவில் ஆர்வி நிறுத்தக் கூடாது என்ற விதி உனக்கு முன்னாலேயே தெரியும். இத்தனை வருஷமாக அங்கே இருக்கிறாய். உன் மனசில் நாங்கள் அவ்வளவு நாள் நிற்பதாகவே இல்லை. அது பரவாயில்லை, விதி உன் கையில் இல்லை. ஆனால் நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தும், "வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல ஜெபக்கூட்டம் ஜெபி, அதுக்குள்ள எங்கயாவது மூவ் பண்ணிட முடியுமா?" என்று கேட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் போனில் யாரிடமோ, "வெக்கேஷனுக்கு வந்திருக்காங்க, சும்மா நாலு நாள்" என்றாய். ஷைன் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார்.

அத்தான் சாப்பாட்டு மேஜையில் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை, எனக்குத் தெரியும். "அந்த வண்டிய வித்துட்டு ஏதாவது ஒரு வேலைய பாருங்க ஷைன், எதுவா இருந்தாலும் சரி. பொண்ணு வளர்ந்துட்டா." ஷைன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டிக்குப் போனார். அன்றைக்குச் சோறு பாதிதான் சாப்பிட்டிருந்தார். விடியும்போது கிளம்பலாம் என்றார்.

தென்றலை எழுப்பப் போனேன். உன் வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் ஆர்யன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாளே, நினைவிருக்கிறதா? அந்தக் கதவுக்கு வெளியில் நின்று தட்டினேன். திறக்கவில்லை. "அம்மா, நான் வரல" என்றாள். எப்போதும் என்னை மாம் என்று கூப்பிட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், அதைத் தமிழில் சொன்னாள். எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

கீழே வந்து நீ எடுத்து வைத்திருந்த பாதுகாவலர் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். நீ சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். நானும் கூப்பிடவில்லை.

இவரைத் தனியாக அனுப்ப எனக்குத் தைரியமில்லை அக்கா. இருந்திருந்தால் அந்த வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு பிள்ளையைப் பெற்றவள் செய்கிற காரியமா இது என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேதான் வந்தேன், பேக்கர்ஸ்ஃபீல்ட் வரை.

ஜெபினா

---

பிளசன்டன்
ஆகஸ்ட் 19

ஜெபி,

எங்கே இருக்கிறாய்?

உங்களுக்காக அரிசோனா மலைப்பக்கம் இரண்டு இடம் எடுத்து, நம்பர்களையும் அனுப்பி வைத்தேன். இரண்டிலும் நீங்கள் வந்து சேரவில்லை என்று மெயில் எனக்கு வந்தது. அந்த மெயிலைப் பார்த்து ராத்திரி முழுக்க நான் என்னென்ன நினைத்தேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். தென்றலுக்கு நீ மெசேஜ் அனுப்புகிறாய் என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அவளுக்கு அனுப்புகிறாய், எனக்கு இல்லை. சரி.

வெக்கேஷன் என்று சொன்னதைப் பற்றி. ஜனங்கள் கேள்வி கேட்பார்கள், ஷைனுக்குத்தான் சங்கடம் என்று எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். உன்னை வரச் சொன்னபோது எனக்கு அந்த வெட்கம் வரும் என்று தெரியாது. வண்டி வந்து வாசலில் நின்ற பிறகுதான் வந்தது.

பள்ளி ஆரம்பித்துவிட்டது. டீச்சர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், ஒழுங்காகப் பேசுகிறாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நேற்று நான் தட்டாமல் திறந்துவிட்டேன். படுக்கையில் இல்லை, கீழே தரையில் சுவரோரமாக, அந்த வண்டி மேஜை அகலத்துக்குப் போர்வையை விரித்துப் படுத்திருந்தாள். படுக்கையில் தூக்கம் வரவில்லையாம். கதவைச் சாத்திவிட்டு வந்து அத்தானோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

ஒரு வரி எழுது.

ரெபெக்கா

---

கார்ப்பஸ் கிறிஸ்டி பக்கம், டெக்சாஸ்
செப்டம்பர் 14

அக்கா,

நீ எடுத்த இடங்களுக்கு நாங்கள் வேண்டுமென்றேதான் போகவில்லை. அரசாங்க வெற்று நிலத்தில், கரண்டும் தண்ணீரும் இல்லாமல் இலவசமாக நின்றோம். உன்னைப் பயமுறுத்த நினைக்கவில்லை. உன் பேரில் ஒரு இடத்தில் போய் இறங்க மனசு வரவில்லை.

இப்போது இங்கே கடல் பக்கத்தில் ஒரு கேம்ப்கிரவுண்டில் இருக்கிறோம். ஷைன் இங்கே ஹோஸ்ட். சம்பளம் கிடையாது, வேலைக்குப் பதிலாக நிற்க இடமும் கரண்டும் தருகிறார்கள். காலையில் அடுப்புக் குழிகளில் சாம்பலை அள்ளுகிறார், வருகிறவர்களுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கை காட்டுகிறார். நல்லபடியாக ஆகிவிட்டார் என்று எழுத மாட்டேன். சில நாள் இன்னும் ஒரு வார்த்தை பேச மாட்டார். மாத்திரையை விடாமல் போடுகிறார், டாக்டரிடம் வீடியோவில் பேசுகிறார். நான் கடைக்குப் போய் வருகிறேன், கதவுக்கு வெளியே நின்று காது கொடுப்பது குறைந்திருக்கிறது.

தென்றல் தரையில் படுக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்றைக்கு நான் எந்த வேலையும் செய்யவில்லை. உன்னிடம் அவள் இருப்பதில் எனக்குப் பொறாமை இருந்தது, இருக்கிறது. ஆனாலும் அவள் கதவைத் தட்டாமல் திறந்து பார்க்க ஒரு ஆள் அந்த வீட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன். நன்றி என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், எழுதிவிட்டேன்.

இந்த ஹோஸ்ட் வேலை நவம்பரோடு முடிகிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு இங்கே கடலோரமாக ஒரு நல்ல இடத்தை யாரோ கேன்சல் பண்ணினார்கள். நேற்று நானே உட்கார்ந்து பிடித்தேன், என் பேரில். உன்னளவுக்கு வேகம் இல்லை, ஆனாலும் கிடைத்துவிட்டது. எத்தனை பேர் என்று திரையில் கேட்டது. இரண்டு என்று போட்டேன். ஷைன் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

"மூணு போடு ஜெபி" என்றார்.

போட்டேன். பணமும் கட்டிவிட்டேன். தென்றலிடம் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்டால் எனக்காக வருகிறேன் என்று சொல்லிவிடுவாள், வந்து அந்தத் திரைக்குப் பின்னால் படுத்துக்கொள்வாள். நீ கேள் அக்கா. அவள் என்ன சொன்னாலும் ஷைனுக்கு எழுதாதே, எனக்கு எழுது. வரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுது.

உன்,
ஜெபி